புதுப்பிப்பு: 6.5 கிரீட்மோரில் செப்புத் தோட்டா
கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டா தடைசெய்யப்பட்டிருப்பதால், எனக்கெனச் செய்வித்த 6.5 கிரீட்மோர் (6.5 மி.மீ. விட்டத் தோட்டா வகை) ரைஃபிளில் முழுச் செப்புத் தோட்டா மானின் உடலில் போதிய அளவு விரியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இந்தப் பருவத்தில் விடை கிடைத்துவிட்டது.

ஏறத்தாழ 150 கஜத் தொலைவில் பக்கவாட்டில் நின்ற கருவால் மானின் தோளுக்குச் சற்றுப் பின்னால் பாய்ந்த 120 கிரெய்ன் (சுமார் 7.8 கிராம்) எடைத் தோட்டா, நுரையீரல்கள் இரண்டையும் துளைத்து மறுபுறம் வெளியேறியது. நுழைந்த துளையில் சுண்டுவிரல்கூடப் போகாது, வெளியேறிய துளையோ ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம் இருந்தது. இறைச்சியும் அதிகம் சிதையவில்லை.

செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அதே எடையில் தோட்டா நீண்டுவிடுகிறது. தோட்டாவைச் சுழலவைக்கும் குழலின் உட்புற வரிகளின் முறுக்கு, 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதைப் பறக்கும்போது தடுமாறாமல் நிலைநிறுத்தப் போதுமானதாக இருந்தது. வேகம் தணிந்தபின் செம்பு சரிவர மலராது என்பதால், 300 கஜத்துக்கு அப்பால் சுடுவதாக இல்லை.