செயலடக்கமா, செயல் மறிப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

கிளம்பிவிட்ட செயலை மனம் பாதியில் நிறுத்துவதை ஆங்கிலத்தில் ‘response inhibition’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: செயல் தடுப்பு, செயல் ஒடுக்கம், செயலடக்கம். பலரும் கடைசிச் சொல்லின் பக்கம் சாய்கிறீர்கள். எனக்கு அதில்தான் பெரிய தயக்கம். நான் எழுதும் கட்டுரை இதயத்துடிப்பைப் பற்றியது. தமிழில் மூச்சு அடங்கியது, துடிப்பு அடங்கியது என்றால் ஆள் போய்விட்டார் என்று பொருள். அடக்கம் என்றாலோ பணிவு, இல்லையென்றால் புதைப்பது. இதயத்துக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை வைக்கக் கை வரவில்லை.

இதை ஆராயும் சோதனையில் நடப்பதைப் பாருங்கள். திரையில் அம்புக்குறி தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும். சில முறை மட்டும், அம்புக்குறி வந்த கையோடு ஒரு ‘பீப்’ கேட்கும், கேட்டால் அழுத்தக்கூடாது. அதற்குள் விரல் கிளம்பியிருக்கும். லோகன், கோவன் என்ற ஆய்வாளர்கள் 1984இல் இதை ஓட்டப்பந்தயமாக விளக்கினார்கள். ‘அழுத்து’ முன்னால் ஓடுகிறது, ‘நிறுத்து’ பின்னால் கிளம்பித் துரத்துகிறது, முந்துவது ஜெயிக்கிறது. நிறுத்தும் ஓட்டத்துக்குப் பெரும்பாலும் கால் வினாடிகூட ஆவதில்லை. ஓடிவருவதைக் குறுக்கே பாய்ந்து நிறுத்துவதற்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறதே: மறித்தல். தடுப்பு என்பது முன்கூட்டியே போட்டுவைப்பது. தடுப்பூசி, தடுப்புச்சுவர் மாதிரி. ஆகவே செயல் மறிப்பு. சாலை மறியல் நினைவுக்கு வந்தாலும் கெடுதலில்லை, படம் அதேதான்.

சரி, இதயத்துக்கு வருவோம். விரலை மறித்த முறைகளில் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள நேரம் சற்று நீள்கிறது. மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலை இது. நரம்புகளின் பிடியே இல்லாவிட்டால் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். ஓய்வில் அதை 70 பக்கத்தில் இழுத்துப் பிடித்திருப்பது வேகஸ். பிடி இறுகினால் அடுத்த துடிப்பிலேயே தெரிந்துவிடும். துடிப்பை விரைவாக்கும் பரிவு நரம்புகளுக்கோ சில வினாடிகள் வேண்டும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள அந்த நேரத்தைத் ‘துடிப்பிடை’ என்றும், அது நீள்வதைத் ‘துடிப்பிடை நீட்சி’ என்றும் சொல்லலாம். ‘இதயத் தளர்ச்சி’ வேண்டவே வேண்டாம், படிப்பவர் நோய் என்று பயந்துவிடுவார்.

அப்புறம் ஒரு கேள்வி. ஜெர்மானிய உடலியங்கியலாளர்களான வெபர் சகோதரர்கள் 1845இல் வேகஸைத் தூண்டி இதயத்தை நிறுத்திக் காட்டினார்கள். நரம்பு ஓர் உறுப்பை ஓட்டும் என்று மட்டும் இருந்த எண்ணம் அங்கேதான் மாறியது. நரம்பு செய்யும் அந்த வேலைக்கும் ஆங்கிலத்தில் ‘inhibition’ என்றுதான் பெயர். தமிழில் அதற்கும் மறிப்பு என்றே சொல்லலாமா? அதற்குத் ‘தணிப்பு’ பொருந்தும் என்பது என் எண்ணம். உடலியங்கியல் கற்பிப்பவர்கள் சொல்லுங்கள்.