34 எச்பி டிராக்டரில் 6 அடி ரொட்டவேட்டர்: இழுக்க முடியாமல் திணறுகிறது, உதவி தேவை

கொட்டாஞ்சேனையான்:
வணக்கம். எனக்கு வேலை கொழும்பில், வயல் மன்னார்ப் பக்கம் முருங்கனில், கட்டுக்கரைக்குளத்துப் பாய்ச்சலில். மாமாதான் வயலைப் பார்க்கிறார். மெசின் ஜப்பான் ரீகண்டிஷன், 34 எச்பி. அதோடு வந்த ரொட்டரி (சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் கருவி) தேய்ந்துவிட்டது. அதுவும் கிட்டத்தட்ட 6 அடி என்பதால், போன மாதம் இங்கே ஒரு கடையில் 6 அடி இந்திய ரொட்டவேட்டர் புதிதாக வாங்கி லொறியில் அனுப்பினேன். விற்றவரும் 34 போதும் என்றார்.

இப்போது காலபோக (பெருமழைப் பருவ) நெல்லுக்குக் காய்ந்த மண்ணில் புழுதி உழவு. மாமா அனுப்பிய வீடியோவில், இறக்கிக் கொஞ்ச தூரம் போவதற்குள் இன்ஜின் சத்தம் அமுங்கிக் கரும்புகை தள்ளுகிறது. வரம்பில் திரும்புவதற்குத் தூக்கினால் முன்சில்லு தரையை விட்டு எழும்புகிறது. சியர் போல்ட் இரண்டு தடவை அறுந்துபோக, மாமா இப்போது ஒரு கெட்டியான உருக்கு போல்ட் போட்டிருக்கிறார். ஏர் பில்டர் புதிது, டீசல் பில்டரும் மாற்றியாயிற்று. கோளாறு இன்ஜினிலா, பொருத்தத்திலா?

பட்டறை அண்ணை:
தம்பி, முதல் வேலையாக அந்த உருக்கு போல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். பாரம் மீறினால் மற்றதைக் காப்பாற்றத் தான் அறுவதற்கென்றே சியர் போல்ட் இருப்பது. அது அறாவிட்டால் டிராக்டரிலிருந்து ரொட்டவேட்டரைச் சுழற்றும் சாப்ட்டின் குருசு (மூட்டு) போகும், அல்லது டிராக்டரின் பின் கியர்பெட்டி போகும். எங்கள் பட்டறைக்கு அப்படிப் பல்லுடைந்து வந்த பெட்டியைத் திறந்தபோது ஒயிலுக்குள் இரும்புத் துண்டு கிடந்தது. வருத்தமான செலவு.

அடுத்தது, ரொட்டவேட்டர் பெட்டியில் அடித்திருக்கும் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பி.டி.ஓ. (பின்னால் பூட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) லீவர் எந்த எண்ணில் நிற்கிறது என்பதும் வேண்டும். ஜப்பான் மெசின்களில் பெரும்பாலும் 1, 2, 3 என்று வேகம் இருக்கும்.

கொட்டாஞ்சேனையான்:
அண்ணை, தகட்டில் 45-50 எச்பி, 540 சுற்று என்று இருக்கிறது. லீவர் 2இல் நிற்கிறதாம். பழைய ரொட்டரியை எப்போதும் 2இல்தான் ஓட்டினார்களாம்.

பட்டறை அண்ணை:
அப்போ இரண்டு பிழை ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. 540 சுற்றுக்கு அருகில் வருவது பெரும்பாலும் 1இல்தான். 2இல் கத்தி வேகமாகச் சுற்றும். சேற்றில் அது நல்லது, காய்ந்த களிமண்ணில் அந்த வேகம் வலுவைத் தின்றுவிடும். இன்றைக்கே 1இல் போட்டு, லோ கியரில், 3 அங்குல ஆழத்துக்கு மேல் இறக்காமல் ஒரு தரம் ஓட்டிப் பார்க்கட்டும்.

ஆனால் அதோடு முடியாது. 34 என்பது இன்ஜின் கணக்கு. பின்னால் பி.டி.ஓ.வுக்கு வந்து சேர்வது அதில் 85 வீதம் அளவில், அதாவது 29. காய்ந்த மண்ணில் ரொட்டவேட்டரின் ஒவ்வோர் அடி அகலத்துக்கும் பி.டி.ஓ.வில் 6, 7 எச்பி வேண்டும் என்பது நான் பார்க்கும் கணக்கு. 6 அடிக்கு 36 தொடக்கம் 42. உங்களிடம் 29. இன்ஜினைக் குறை சொல்லாதீர்கள், பாவம் அது.

நெல்லுக்காரி:
பழையதும் 6 அடிதானே என்று நினைத்த இடத்தில்தான் பிசகியிருக்கிறது, தம்பி. ஜப்பான் ரொட்டரி நனைந்த வயலுக்கென்று செய்த இலகுவான சாமான். இந்திய ரொட்டவேட்டர் பாரமானது. முன்சில்லு எழும்புவதும் அதனால்தான். முன்னுக்கு எடைக்கட்டி போடாமல் ஓட்டவே வேண்டாம், மாமாவின் உயிர் முக்கியம். தூக்கின நேரத்தில் முன்சில்லில் பாரம் இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் மெசின் திரும்பாது.

இன்னொன்று, முருங்கன் களி காய்ந்தால் கல். வெடிப்புக்குள் கையே போகும். அதில் நேரே ரொட்டவேட்டரை இறக்க வேண்டாம். முதலில் 7 கொழுக் கலப்பையால் ஒரு தரம் கிளறிவிடுங்கள். 9 கொழு உங்கள் மெசினுக்கு அதிகம். நாங்கள் முதல் மழை விழும்வரை ரொட்டவேட்டரைத் தொடுவதே இல்லை.

கொட்டாஞ்சேனையான்:
அக்கா, அண்ணை, பெரிய நன்றி. 1இல் போட்டு ஓட்டினார்கள். புகை நன்றாகக் குறைந்தது. குளத்துப் பக்கம் ஈரம் உள்ள துண்டில் பிரச்சினையே இல்லை. மேட்டுத் துண்டில் மட்டும் இன்னும் திணறுகிறது. கடையில் பேசினேன், வேறு அளவுக்கு மாற்றித் தர ஒத்துக்கொண்டார்கள், லொறிக் கூலி என்னுடையது. எத்தனை அடி எடுக்க?

பட்டறை அண்ணை:
ஒரு பின்சில்லின் வெளிப்பக்கத்திலிருந்து மற்றப் பின்சில்லின் வெளிப்பக்கம் எவ்வளவு?

கொட்டாஞ்சேனையான்:
4 அடி 8 அங்குலம்.

பட்டறை அண்ணை:
அப்போ நாலரை அடி. நம் கணக்குக்கு 27 தொடக்கம் 31.5, உங்கள் 29 அதற்குள் வருகிறது. சில்லுத் தடம் முழுவதும் மறையாது, அதனால் பக்கம் தள்ளிப் பூட்டக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். வலப்பக்கத் தடத்தை மூடினால் போதும், இடப்பக்கத்தை அடுத்த சுற்று மூடிவிடும். 5 அடியை 35 எச்பிக்கே போதும் என்று காட்டுவார்கள், சேற்றுக்குச் சரி, உங்கள் மேட்டுத் துண்டுக்குச் சரிவராது.

கருவியை டிராக்டரில் பூட்டும் பின்னின் (ஊசியின்) அளவையும் பாருங்கள். கீழ்க் கைகளுக்கு 22 மில்லிமீட்டர் பின்னா, 28 மில்லிமீட்டர் பின்னா என்று அளந்து எடுங்கள். சின்ன மெசினுக்கு 22தான். அளவு பிசகினால் ஆடி ஆடி ஓட்டை தேயும். சாப்ட் நீளத்தையும் மெசினில் பூட்டிப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும், கடையில் வைத்து வெட்ட விடாதீர்கள். தூக்கினாலும் இறக்கினாலும் சாப்ட்டின் இரண்டு குழாயும் ஒன்றுக்குள் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனையான்:
சரி அண்ணை. சனிக்கிழமை அளவு நாடாவோடு போகிறேன். இங்கே கொழும்பில் பஞ்சிகாவத்தையில் சரியான சியர் போல்ட் 6 வாங்கிவிட்டேன், இன்று இரவு மன்னார் பஸ்ஸில் போகிறது. உருக்கு போல்ட்டை மாமா கழற்றிவிட்டார்.