ஓட்டல் ரூமை ஏலத்தில் எடுக்கலாமாமே, காரைக்குடியில் நடக்குமா?

கானாடுகாத்தான்காரன்:
வரும் ஆவணியில் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அறுபது சாந்தி. ஊர் வீட்டிலேயே வைத்திருக்கிறோம். வளவிலும் முகப்பிலும் எண்பது பேர் படுக்கலாம், பாத்ரூம் மூன்றுதான். அதனால் இருபது பேரையாவது காரைக்குடியில் ரூம் போட்டுத் தங்க வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் போனைப் போட்டு "கொஞ்சம் பார்த்துப் போடுங்கண்ணே" என்று கேட்பதுதான். நியூஜெர்சியில் இருக்கும் தம்பி அதெல்லாம் பழசு, விலையை நாம்தான் சொல்லணும், அமெரிக்காவில் நாலு ஸ்டார் ஓட்டலை அப்படித்தான் பாதி விலைக்கு எடுத்தேன் என்கிறான். ஏலச்சீட்டு தெரியும், இது என்ன ஏலம்? நம் ஊருக்கும் உண்டா?

டல்லாஸ் தேவகோட்டை:
தம்பி சொல்வது பிரைஸ்லைன் என்கிற அமெரிக்க புக்கிங் சைட், 1998-ல் ஆரம்பித்தது. ஏரியா, தேதி, எத்தனை ஸ்டார் என்று மட்டும் சொல்லி, ஒரு ராத்திரிக்கு 60 டாலர் தருவேன் என்று கார்டு நம்பரையும் கொடுத்துவிட வேண்டும். ஏதாவது ஒரு ஓட்டல் சரி என்றால் அந்த நொடியே பணம் போய்விடும், ஓட்டல் பெயரே அப்புறம்தான் தெரியும், கேன்சல் கிடையாது. இல்லை என்றால் அதையே மறுபடி கேட்க ஒரு நாள் காத்திருக்கணும், ஆனால் இன்னொரு ஏரியாவைச் சேர்த்தால் உடனே கேட்கலாம். விவரமான ஆட்கள் நாலு ஸ்டார் ஓட்டலே இல்லாத ஏரியாவாகப் பார்த்துச் சேர்த்துவிட்டு (அங்கே ரூம் விழாது, மறுபடி கேட்க மட்டும் வழி கிடைக்கும்) ஐந்து ஐந்து டாலராக ஏற்றுவார்கள். காலியாகக் கிடக்கும் ரூம் விடிந்தால் யாருக்கும் காசாகாது, ஆனால் பெயர் போட்டுக் குறைத்தால் முழு விலை கொடுப்பவன் சும்மா இருப்பானா? அதனால்தான் பெயரை மறைப்பது.

அந்த ஏலம் இப்போது இல்லை. எக்ஸ்பிரஸ் டீல்ஸ் என்று விலையை அவர்களே போட்டு, பெயரை மட்டும் மறைக்கிறார்கள், ஹாட்வயர் என்கிற இன்னொரு சைட்டும் அதே கதைதான். கட்டில் எத்தனை என்பது பல நேரம் நம் கையில் இல்லை. ஒருமுறை அப்பச்சி, ஆத்தாவோடு போய் இறங்கினால் மூன்று பேருக்கும் ஒரே கட்டில், இன்னொரு ரூமெல்லாம் இல்லை என்று ரிசப்ஷனில் கையை விரித்துவிட்டார்கள். நான் போட்டிருந்த கோட்டைக் கழற்றித் தரையில் விரித்துப் படுத்தேன். காலையில் பார்க்கிங்குக்குத் தனியாக 40 டாலர். மிச்சம் பிடித்த லட்சணம் அது.

செக்காலை ரோடு லாட்ஜ்:
அண்ணே, ஆவணி முகூர்த்தத்தில் ரூம் காலியாக இருந்தால்தானே ஏலம் விட? பிள்ளையார்பட்டி சதுர்த்திக் கூட்டம் வேறு அதே மாதம். ஆடியில் கேளுங்கள், நீங்கள் சொல்லும் விலைக்கே சாவியைத் தருகிறேன். இப்போதைக்கு ஆப்பில் விலையைப் பார்த்துக்கொண்டு நேரே வந்து பேசுங்கள், கமிஷன் போகாத இடத்தில் குறைக்க எங்களுக்கும் கை வரும். பத்து ரூம் மொத்தமாக எடுப்பவர் ரேட்டை மட்டும் கேட்டுவிட்டுப் போகக் கூடாது. செக்-அவுட் பகல் 12 மணியா, 24 மணி நேரமா, அதைக் கேளுங்கள். ராமேஸ்வரம் ரயிலில் விடியுமுன்னே வந்து இறங்குகிறவர்களுக்கு அதில்தான் ஒரு நாள் வாடகை போகும். டிரைவர் படுக்க இடம், கூடுதல் மெத்தை, வெந்நீர் எத்தனை மணி வரை, எல்லாம் முதலிலேயே பேசிவிடுங்கள். வரி சேர்த்தா சேர்க்காமலா என்றும் கேளுங்கள், 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18.

பள்ளத்தூர் ஆச்சி:
ரூம் எதற்கப்பா இத்தனை? உங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கிற பங்காளி வீடு ஒன்றுகூடவா இல்லை? சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், பங்காளிக்கு ஒரு போன் போட்டு, இரண்டு நாள் முன்னால் ஆள் விட்டுக் கூட்டி, மோட்டாரை ஓட்டிப் பார்த்துவிடு. வயசானவர்களுக்கு மட்டும் ஓட்டலைப் பார்.

கானாடுகாத்தான்காரன்:
ஆச்சி சொன்னபடி எதிர்வீட்டுச் சாவி வாங்கியாச்சு, அங்கே பாத்ரூம் நாலு! ஓட்டலில் ஆறு ரூம்தான், நேரே போய்ப் பேசியதில் ரூமுக்கு 300 ரூபாய் குறைத்தார்கள், டிரைவர்களுக்கு மாடியில் இடம். தம்பியிடம் ஏலத்தில் எடுத்தேன் என்று சொல்லியிருக்கிறேன். எந்த சைட் என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறான்.