புதுப்பிப்பு: அச்சு விவரமே இல்லாத அந்த ஏஸ் பேப்பர்பேக்

ஏஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகத்தின் பழைய பேப்பர்பேக் ஒன்றில் காப்புரிமை ஆண்டு மட்டும் இருக்கிறது, எத்தனையாவது அச்சு என்று எதுவும் இல்லை, இது முதல் அச்சுதானா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, கிட்டத்தட்ட விடை கிடைத்துவிட்டது: முதல் அச்சாகத்தான் தெரிகிறது.

அட்டையைப் பார் என்றவர்கள் சொன்னது சரி. அந்தக் கால ஏஸ் அட்டைகளில் புத்தகத்தின் வரிசை எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துதான் விலையைச் சொல்கிறது: எஸ் என்றால் 25 சென்ட், டி 35, எஃப் 40. டி வரிசையில் வந்த கதை 1960களில் திரும்ப வந்தால் எழுத்தும் எண்ணும் விலையும் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். என்னுடையது டி, 35 சென்ட். அப்புறம் கடைசிப் பக்க விளம்பரங்கள். இவற்றை யாரும் பார்ப்பதே இல்லை, ஆனால் எனக்கு அதிகம் உதவியது இதுதான். அங்கே விளம்பரமாகும் மற்ற ஏஸ் புத்தகங்களின் எண்களெல்லாம் இந்தப் புத்தகத்தின் எண்ணை ஒட்டியே நிற்கின்றன. வெகுவாகத் தள்ளிப்போன எண், அதாவது பின்னால் வந்த புத்தகம், ஒன்று இருந்திருந்தால் பிந்தைய அச்சு என்று முடிவு கட்டியிருப்பேன்.

பெங்குவின் பதிப்பகத்தின் பழைய புத்தகங்களில் இந்தத் துப்பறியும் வேலையே தேவையில்லை, மறு அச்சு ஆண்டுகளை அவர்களே வரிசையாகப் போட்டிருப்பார்கள். பிற்காலப் புத்தகங்களில் காப்புரிமைப் பக்கத்தில் எண் வரிசை (ஒவ்வொரு மறு அச்சுக்கும் ஒரு எண்ணை நீக்கிக்கொண்டே வருவார்கள்) இருந்தால் மிச்சமிருக்கும் மிகச் சிறிய எண்ணைத்தான் பார்க்க வேண்டும், அது வரிசையில் எங்கே இருந்தாலும். 1950களின் முதல் அச்சு என்று விற்கப்படும் புத்தகத்தில், அப்போது இன்னும் வந்திராத ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் இருந்தால் பேரமே பேசாமல் நகர்ந்துவிடுங்கள்.