‘ட்ரிப்’: நடையா, துண்டிப்பா, தெறிப்பா?

வணக்கம்.

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் சேர்த்து நாம் தொகுக்கும் தொழில்நுட்பச் சொற்பட்டியல் வரைவில், மின்காப்புப் பகுதியில் (பழுதிலிருந்து மின்சுற்றைக் காப்பது) ‘ட்ரிப்’புக்கு (trip) எதிரே ‘துண்டிப்பு’ என்று இருக்கிறது. வாகனப் பகுதியில் அதே சொல் ‘பயணம்’ ஆகியிருக்கிறது. இரண்டையும் மாற்றச் சொல்கிறேன்.

பயணத்தை முதலில் முடித்துவிடலாம். ஊருக்குப் போவது பயணம். மணல் லாரி நாளைக்கு நாலு முறை போய்வந்தால் அதைப் பயணம் என்று யாரும் சொல்வதில்லை, நாலு நடை. ‘ஒரு நடை போய்ட்டு வந்துடு’ என்பதில் போவதும் திரும்புவதும் சேர்ந்தே இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லுக்கு இவ்வளவு நெருக்கமான ஒன்று கையில் இருக்க, ட்ரிப் ஷீட்டுக்குப் ‘பயணத் தாள்’ எதற்கு? ‘நடைத்தாள்’ போதும். வண்டி முகப்பில் சுழியமாக்கிக்கொள்ளும் தூரக்கணக்கை ‘நடைத்தூரம்’ எனலாம். டேங்கை நிரப்பி, நடைத்தூரத்தைச் சுழியமாக்கி, முந்நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி நிரப்பும்போது 6 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 50.

எண்ணெய்க் கிணற்றிலும் நடைதான். துளையிடும் முனை தேய்ந்தால் குழாய்த்தொடர் முழுவதையும் மேலே இழுத்து, முனையை மாற்றி, திரும்ப இறக்க வேண்டும். மூன்று குழாய் சேர்ந்த ஓர் அடுக்கு ஏறத்தாழ 27 மீட்டர். 2,700 மீட்டர் ஆழத்துக்கு நூறு அடுக்கைக் கழற்றி, நூறையும் மாட்டினால்தான் ஒரு நடை முடியும். அவசரப்பட்டு வேகமாக இழுத்தால் முனை பிஸ்டன்போல உறிஞ்சி, பாறையிலிருக்கும் வாயுவைக் கிணற்றுக்குள் வரவழைத்துவிடும். அதனால் இழுத்த குழாயின் கன அளவுக்குச் சமமாக, கிணற்றை நிரப்பி வாயுவை அடக்கும் துளைச்சேறு உள்ளே போகிறதா என்று தனித் தொட்டி வைத்து அளப்பார்கள். எண்ணெய்க் கிணறுகள் உள்ள நரிமணம் பக்கம் வேலை செய்கிறவர்கள் ‘நடை’யை உடனே புரிந்துகொள்வார்கள்.

(ஆஸ்பத்திரியில் ஏற்றும் ‘ட்ரிப்ஸ்’ வேறு சொல். சொட்டுவதிலிருந்து வந்தது. நம் எழுத்துதான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.)

இனி மின்சாரம். ‘துண்டிப்பு’ ஏன் தவறு என்பதற்கு மோட்டார் ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்தால் போதும். மிகைச்சுமை ரிலேயில் மின்னோட்டம் கூடும்போது இரட்டை உலோகப் பட்டை சூடேறி வளைந்து, ஒரு சிறு கொக்கியைத் தள்ளிவிடுகிறது. அதுதான் ட்ரிப். அந்த நொடியில் ரிலே மோட்டாரின் மின்சாரத்தைத் தொடுவதே இல்லை. 95-96 என்று எண்ணிட்ட துணைத்தொடுப்பு மட்டும் திறக்கும்; அதனால் கான்டாக்டரின் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்தச் சுவிட்சின்) சுருள் மின்சாரம் இழக்கும்; கான்டாக்டர் விழுந்த பிறகுதான் மோட்டார் நிற்கும். கான்டாக்டரின் முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால்? ரிலே ட்ரிப் ஆகியிருக்கும், மோட்டாரோ ஓடிக்கொண்டிருக்கும். ‘துண்டிப்பு நிகழ்ந்தது, துண்டிக்கப்படவில்லை’ என்றா பழுதுக் குறிப்பில் எழுதுவது?

துணைமின்நிலையத்தில் இது இன்னும் தெளிவு. ரிலே பழுதைக் கண்டு கட்டளை கொடுக்கும். பேட்டரியிலிருந்து 110 வோல்ட் நேர்மின்சாரம் ட்ரிப் சுருளுக்குப் போகும். சுருள் பிரேக்கரின் (பழுதில் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சின்) கொக்கியை இழுக்கும். இறுக்கி வைத்த வில் விடுபட்டு முனைகளைப் பிரிக்கும். பேட்டரி செத்திருந்தால் ரிலே பழுதைக் கண்டாலும் பிரேக்கர் அசையாது. மின்வழியில் அதற்கு முந்தைய பிரேக்கர் திறந்து ஊர் முழுக்க இருட்டாகும். சுருளின் சுற்று அறுபடாமல் இருக்கிறதா என்று கண்காணிக்கவே தனி ரிலே வைப்பது இதனால்தான்.

ஆக, கொக்கி விடுபடுவது வேறு. சுற்று அறுபடுவது வேறு. முன்னதற்கு ‘தெறி’ என்பதை முன்வைக்கிறேன். நாண் தெறிக்கிறோம், பொத்தான் தெறித்து விழுகிறது. இறுக்கி வைத்தது சட்டென்று விடுபடும் பொருள் அதில் இருக்கிறது. தானாக நடப்பதற்கும் நாம் செய்வதற்கும் ஒரே வினை செல்லும். தெறிசுருள், தெறிநிலை, தெறியோட்டம், வீண்தெறிப்பு என்று கூட்டுச்சொற்களும் சுருக்கமாக அமைகின்றன.

‘கழல்’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். ஒயர் கழன்றால் பிரேக்கர் சூடாகி ட்ரிப் ஆவதுண்டு. காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே சொல் ஆகாது. ‘அவிழ்’ இலக்கணப்படி அழகு. ஆனால் ‘பிரேக்கர் அவிழ்ந்தது’ என்றால் வேட்டிதான் நினைவுக்கு வரும்.

* * *

ஐயா, வணக்கம்.

துண்டிப்பு வேண்டாம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ‘தெறிப்பு’ எங்களிடம் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் ஆடியில் பட்டுத் திரும்புவது ஒளித்தெறிப்பு. படுகதிர், தெறிகதிர் என்றுதான் பிள்ளைகள் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் எதிரொளிப்பு என்பதால் உங்களுக்கு இடிக்கவில்லை.

ஒளியியல் வேறு, மின்காப்பு வேறு என்று தள்ளிவிடவும் முடியாது. நீண்ட மின்தொடரில் (மின்கம்பிப் பாதையில்) பழுது ஏற்பட்டால் அங்கிருந்து அலை கிளம்பி முனையில் மோதித் திரும்பும். முதல் அலையும் திரும்பி வரும் அலையும் வந்து சேரும் நேர வேறுபாட்டை மைக்ரோ வினாடியில் அளந்து பழுதின் தூரத்தைக் கணிப்பார்கள். அந்த அறிக்கையை எங்கள் தமிழில் எழுதினால் ‘தெறித்த அலை வந்து சேர்ந்தபின் தொடரின் முறிப்பான் தெறித்தது’ என்று வரும் (முறிப்பான் என்பது பிரேக்கர்). வாசிப்பவர் என்ன செய்வார்?

இன்னொன்று. வீட்டுப் பெட்டியில் மூன்று வகை ட்ரிப் இருக்கிறது. உங்கள் சொல் மூன்றையும் தாங்குமா என்று பாருங்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி.யை (வீட்டுப் பெட்டியிலுள்ள சிறு பிரேக்கரை) எடுத்துக்கொள்வோம். 1.13 மடங்கு, அதாவது 18 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினாலும் அது அசையக்கூடாது. 1.45 மடங்கு, 23 ஆம்பியர் போனால் ஒரு மணி நேரத்துக்குள் விட்டாக வேண்டும். இது வெப்பத்தால் மெல்ல நடப்பது. தெறித்தல் என்ற சொல்லில் உள்ள ‘சட்டென்று’ இங்கே இல்லை. குறுக்குச்சுற்றில் காந்தம் இழுப்பது இரண்டாம் வகை: சி வகையென்றால் 5 மடங்குக்கும் 10 மடங்குக்கும் இடையில், 80 முதல் 160 ஆம்பியரில், கண்மூடித் திறக்குமுன் முடிந்துவிடும். மூன்றாவது, கசிவைக் காணும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.; அதற்கு மிகைச்சுமையும் தெரியாது, குறுக்குச்சுற்றும் தெரியாது.

* * *

வணக்கம்.

மெல்ல நடப்பது பட்டை வளைவது மட்டுமே. வளைந்து கொக்கியின் விளிம்பைத் தாண்டியதும் நடப்பது எப்போதும் சட்டென்றுதான். வில் அதற்காகவே இருக்கிறது. முனைகள் மெல்லப் பிரிந்தால் பொறி நீண்டு அவற்றையே உருக்கிவிடும். எனவே மூன்றிலும் தூண்டுவது வேறு, தெறிப்பது ஒன்று: வெப்பத்தெறி, காந்தத்தெறி, கசிவுத்தெறி. நெம்பை மேலே பிடித்துக்கொண்டே இருந்தாலும் உள்ளே விடுபட்டுவிடும் அமைப்பைக்கூட ‘பிடித்தாலும் தெறிப்பது’ என்று சொல்லிவிடலாம்.

வீண்தெறிப்பையும் (எதுவும் பழுதாகாமலே தெறிப்பதை) இந்தப் பதிவிலேயே வரையறுத்துவிட வேண்டும், ஏனென்றால் அதிகம் திட்டு வாங்குவது அதுதான். 30 மில்லி ஆம்பியர் கருவி 15 வரை தெறிக்கக்கூடாது, 30-இல் தெறித்தாக வேண்டும், இடையில் எப்போது வேண்டுமானாலும் தெறிக்கலாம். ஒரு கணினியின் வடிகட்டி 1 மில்லி ஆம்பியரைப் புவியில் விட்டாலும், ஒரே ஆர்.சி.சி.பி.யில் இருபது கணினி மாட்டினால் எதுவும் பழுதாகாமலே தெறிக்கக்கூடும். சுற்றைப் பிரிப்பதுதான் வழி, 100 மில்லி ஆம்பியர் கருவி போடுவதல்ல. உயிரைக் காக்கும் அளவு 30தான். புதிய வயரிங்கில் சுமை ஏற்றிய உடனே தெறித்தால், முதலில் பார்க்க வேண்டியது இரண்டு ஆர்.சி.சி.பி.களின் நியூட்ரல்கள் ஒரே பட்டையில் கலந்திருக்கின்றனவா என்பதை. போன மின்னோட்டம் வேறு வழியாகத் திரும்பினால் கருவி அதைக் கசிவாகவே கணக்கிடும்.

ஒளித்தெறிப்பு மறுப்பு வலுவானது. அந்த அலை வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாட்டுக்கும் ஒரே சொல் என்ற பிடிவாதத்தை விட்டுவிடலாம். தமிழ்நாட்டுப் பதிவில் ‘தெறி’, இலங்கைப் பதிவில் ‘விடுபடு’ என்று அடுத்தடுத்து இருக்கட்டும். ‘விடுபட்ட சொற்கள்’ என்பதுபோல் அதற்கும் வேறு பொருள் உண்டுதான், ஆனால் மின்பெட்டிக்குள் குழப்பாது. வாகனத்திலும் கிணற்றிலும் இரண்டு பதிவுக்கும் ‘நடை’. துண்டிப்பு என்பது சுற்று உண்மையிலேயே அறுபட்ட நிலைக்கு மட்டும்.

எம்.சி.சி.பி. (அதிக மின்னோட்டத்துக்கான பெரிய பிரேக்கர்) பெட்டியின் கதவில் ஒட்டும் வாசகத்தை இரண்டு வடிவிலும் எழுதிப் பார்த்தேன். இதில் தவறினால்தான் ஆள் கைப்பிடியோடு மல்லுக்கட்டுவார், தெறிநிலையிலிருந்து நேராக மேலே தூக்கினால் அது பிடிக்காது என்பதால்:

‘கைப்பிடி நடுவில் நின்றால் தெறித்திருக்கிறது. காரணத்தைக் கண்டு சரிசெய்க. கைப்பிடியைக் கீழ்க்கோடி வரை அழுத்துக. கொக்கி மாட்டும் ஓசை கேட்கும். பிறகு மேலே தூக்குக.’

இலங்கை வடிவில் முதல் வரியில் மட்டும் ‘தெறித்திருக்கிறது’ என்பதற்குப் பதில் ‘விடுபட்டிருக்கிறது’ என்று வரும்.