ஈரம் காயாத மரத்தளத்துக்கு எந்த ஸ்டெயின் அடிக்கலாம்?

குலசேகரம்வாசி:
வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டத்தை ஒட்டி, அயினிப் பலகையில் திறந்த தளம் போட்டிருக்கிறோம். மேலே கூரை கிடையாது. போன வருஷம் பெயிண்டர் பளபளவென்று வார்னிஷ் அடித்துவிட்டுப் போனார். ஆனி மழையில் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி, நகத்தை விட்டாலே சுருளாக உரிந்தது. மொத்தத்தையும் சுரண்டி எடுத்தாயிற்று. இப்போது இரண்டு நாள் வெயில், மறுநாள் மழை. கடையில் ‘ஈர மரத்திலேயே அடிக்கலாம்’ என்று ஒரு ஸ்டெயின் (மரத்துக்கு அடிக்கும் பூச்சு) டின்னைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா? பாதி டின் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயும் வீட்டில் கிடக்கிறது.

குளச்சல் வள்ளம்:
அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலை) முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் வாங்கிப் பூசுங்க அண்ணே. உப்புத்தண்ணியில் கிடக்கிற வள்ளத்துக்கே அதுதான்.

தக்கலை ஆசாரி:
வள்ளத்துக்குச் சரி தம்பி, பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடத்துக்கு அது ஆகாது. தோலில் பட்டால் பொத்துப்போகும், நிறமும் கறுத்துவிடும். அடியில் தாங்குகிற சட்டங்களுக்கு வேண்டுமானால் பூசலாம்.

குலசேகரம் தம்பி, அந்த டின் தண்ணீர் கலந்து செய்த ஸ்டெயினா என்று முதலில் பாருங்கள். ஈரத்தில் அடிக்கலாம் என்று சொல்வது பெரும்பாலும் அந்த வகையைத்தான். அதிலும், கழுவித் துடைத்தபின் மேலாக ஒட்டியிருக்கும் ஈரத்தைத்தான் சொல்கிறார்கள். ராத்திரி முழுக்க மழை குடித்த பலகையை இல்லை. எண்ணெய் ஸ்டெயின் என்றால் அந்த அளவுக்குக்கூட ஆகாது. மரத்தின் துவாரமெல்லாம் தண்ணீர் நிறைந்திருந்தால் எண்ணெய் எங்கே இறங்கும்? மேலேயே பிசுபிசுத்து நிற்கும்.

ஊசி குத்திப் பார்க்கிற ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் வகைக்கு 15 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். நம் ஊரில் சிக்கலே அங்கேதான். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால், மழையே படாத மரம்கூட 16 சதவீதம் பக்கத்தில்தான் போய் நிற்கும். ஆடியில் எத்தனை நாள் காத்தாலும் அதற்குக் கீழே இறங்காது. அதனால் இப்போதே அடித்தாக வேண்டும் என்றால் தண்ணீர் வகைதான். அதிலும் மரத்துக்குள் இறங்குகிறதாகப் பாருங்கள். மேலே ஏடு கட்டுகிறதை அடித்தால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் பழையபடி கொப்புளம்தான்.

அடிக்கும் முன் பலகையில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சினால் வேலையைத் தொடங்கலாம். முத்தாக நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது, இல்லை பழைய வார்னிஷ் மிச்சம் இருக்கிறது. பலகையின் வெட்டுமுனைகளை விட்டுவிடாதீர்கள், தண்ணீர் அதிகமாகக் குடிப்பது அங்கேதான். நிறமில்லாத ஸ்டெயினும் வேண்டாம். நிறப்பொடிதான் வெயிலைத் தடுக்கும், அது இல்லாவிட்டால் அயினி சாம்பல் பூத்துப்போகும்.

குலசேகரம்வாசி:
நன்றி அண்ணே. காலையில் எத்தனை மணிக்குத் தொடங்கலாம்? லின்சீட் எண்ணெயை என்ன செய்ய?

தக்கலை ஆசாரி:
பனி ஈரம் போனபிறகு, ஒரு பத்து மணிக்கு. மூன்று மணிக்கு மேல் தூரிகையைத் தொடாதீர்கள், சாயங்கால ஈரம் இறங்கும் முன் தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர வேண்டும். மெல்லிசாக அடித்து, உறிஞ்சாமல் நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். மறுநாள் வரை மழை படக்கூடாது. மானம் கறுத்தால் தார்ப்பாயைப் பலகையில் படாமல் தூக்கிக் கட்டுங்கள்.

லின்சீட் இப்போது வேண்டவே வேண்டாம். ஈர மரத்தில் காயாது, பூஞ்சைக்கு நல்ல தீனி. தை, மாசியில் வீட்டுக்குள் இருக்கிற கதவு, பெஞ்சுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.