கிளேஸ் சுருங்கிய கிண்ணங்கள்: புதுப்பிப்பு
கடலோர ஊரான மண்டபத்தில் நான் கையால் வனைந்த கிண்ணங்களில், இரண்டாம் சூட்டுக்குப் பின் கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மேற்பூச்சு) திட்டுத்திட்டாகச் சுருங்கி அடிமண் தெரிந்ததைச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். கலவையில்தான் குறை என்று கருதியது தவறு. முதற்சூட்டில் வெந்த கலன்கள் ஈரத்தை உறிஞ்சுபவை. சன்னலோரத்தில் பல நாள் திறந்து கிடந்தபோது கடற்காற்றின் உப்பும் நுண்மணலும் அவற்றின் மேல் படிந்து, கிளேஸ் பற்றிக்கொள்ளவிடாமல் தடுத்திருக்கின்றன என்றே இப்போது நம்புகிறேன். இம்முறை ஒவ்வொன்றையும் மழைநீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, 2 நாள் உலர்த்தி, விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்திலும் கிளேஸ் விலகும் என்பதால் அடிவளையத்தை மட்டும் பிடித்து முக்கினேன். வெண்கிளேஸில் நூற்றுக்கு 1 பங்கு கோபால்ட் ஆக்சைடு கலந்து தீட்டிய மீன்கள் (அது அத்தனை வீரியமான நிறமி!) ஆழ்ந்த நீலமாக வந்துள்ளன. 12 கிண்ணங்களில் ஒன்றில் மட்டும் விளிம்போரம் சிறு விலகல் உள்ளது. அங்கே மீண்டும் பூசி அடுத்த சூளையில் வைப்பேன்.